பதிவேட்டில் ஏறாத தீர்மானம்

எங்கள் ஊருணியைத் தூர்வாருவதற்காக ஊரில் வசூலித்த பணத்தில் 25,000 ரூபாய் ஒரே முற்பகலில் போய்விட்டது. அதற்கு மேல் அபராதமாக வந்த 15,000 ரூபாயை, என் வளையலைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்துக் கட்டினேன். நான் தனியார் பள்ளி ஆசிரியை. அலுவலகம் அலுவலகமாக அலைந்த நாள்களுக்குச் சம்பளப் பிடித்தம் வேறு. கிராம சபை நிஜத்தில் எப்படி நடக்கிறது என்று யாராவது ஒருவர் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் இதில் பெரும்பகுதி மிச்சமாகியிருக்கும். சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். தீர்மானப் பதிவேடு யார் கையில் இருக்கிறது, அதில் எப்போது எழுதுகிறார்கள், நம்முடைய கையெழுத்து எதன் அடியில் போய் விழுகிறது என்று சொல்லத்தான் ஆளில்லை.

எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம். வானம் பார்த்த பூமி. வயலுக்குக் கண்மாய், குடிக்க ஊருணி என்பது பாட்டி காலத்துக் கணக்கு. தெருவில் குழாய் வந்த பிறகு ஊருணியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே சீமைக்கருவேலம் மண்டி, படித்துறையில் கீழ்ப்படிகள் எல்லாம் சேற்றுக்குள் புதைந்து போயின. 2023 கோடையில் ஊருக்குள் இருந்த ஆழ்துளைக் கிணறுகள் ஒவ்வொன்றாகக் காற்றை இறைக்க ஆரம்பித்தபோதுதான், ஊருணியில் தண்ணீர் நின்ற காலத்தில் பக்கத்துக் கிணறுகள் வற்றியதே இல்லை என்பது பெரியவர்களுக்கு நினைவு வந்தது. மகளிர் குழு அக்காக்கள், ஊரில் இருக்கும் நான்கைந்து இளைஞர்கள், நான் என்று சேர்ந்து, முறைப்படியே போவோம், கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போட்டு வேலையைத் தொடங்குவோம் என்று முடிவெடுத்தோம். முறைப்படி என்பதில் எனக்கு அப்போது பிடிவாதமே இருந்தது.

2023 ஆகஸ்ட் 15. பள்ளி வளாகத்தில் பந்தல். கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து முடித்ததும் சபை தொடங்கியது. வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள். வராவிட்டால் அடுத்த வாரம் வேலை அட்டையில் பெயர் இருக்காது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அப்படி ஒரு விதி எங்கும் இல்லை. உள்ளே நுழையும்போதே ஒரு நீளமான தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். ஊராட்சிச் செயலர் ஒரு பட்டியலை மூச்சு விடாமல் வாசித்தார். டெங்கு, நெகிழிப் பை, தூய்மை, மழைநீர்ச் சேகரிப்பு. கடைசியில் "வேறு எதுவும் பேச வேண்டுமா?" என்று தலைவர் கேட்டார். எழுந்து ஊருணியைப் பற்றிப் பேசினேன். கைதட்டினார்கள். "டீச்சர் நல்ல விஷயம் சொல்லியிருக்கிறார், ஊரே சேர்ந்து செய்வோம், தீர்மானமாக எழுதிக்கொள்ளப்பா" என்று தலைவர் செயலரிடம் சொன்னார். செயலரும் தலையாட்டினார். அன்று இரவு எனக்குச் சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

அந்த நாளைப் பற்றி இப்போது எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடுவது வழக்கம். 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு. செயலர் வாசித்த பட்டியல் எங்கள் ஊரில் தயாரானது அல்ல. ஊரக வளர்ச்சித் துறையிலிருந்து எல்லா ஊராட்சிகளுக்கும் ஒன்றுபோல் வருவது. அப்போது தமிழ்நாட்டில் 12,500க்கு மேல் கிராம ஊராட்சிகள் இருந்தன. அன்று எல்லாவற்றிலும் ஏறத்தாழ அதே பட்டியலைத்தான் வாசித்திருப்பார்கள். நம் ஊர்ப் பிரச்சினை அதில் தானாக வந்து உட்காராது. கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது விதி. 2022இல் தண்டோரா போடுவதை அரசு நிறுத்தச் சொன்ன பிறகு ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் அறிவிக்கிறார்கள். நல்ல மாற்றம், ஆனால் ஆட்டோ எங்கள் தெருவுக்குள் நுழைவதே இல்லை. அறிவிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள், நாள்கள்தான் முன்பே தெரிந்தவை ஆயிற்றே. பத்துப் பதினைந்து நாள் முன்னதாகவே 'இந்தப் பொருளைக் கூட்டப்பொருளில் சேர்க்க வேண்டும்' என்று எழுதி, ஊர்க்காரர்கள் சிலரிடம் கையெழுத்து வாங்கி, ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். ஒப்புகை தர மறுத்தால் அஞ்சலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் எழுந்து நின்று பேசுவது பேச்சாகவே போய்விடும்.

அடுத்த மூன்று வாரம் வீடு வீடாக வசூல். நூறு ரூபாய் கொடுத்தவர்கள் உண்டு, சிங்கப்பூரிலிருந்து ஐயாயிரம் அனுப்பிய பையனும் உண்டு. மொத்தம் 61,000 ரூபாய் சேர்ந்தது. ஒரு ஜேசிபிக்காரரிடம் மூன்று நாள் வேலை பேசி 20,000 முன்பணம் கொடுத்தோம். மண் அடிக்க ஊர்க்கார அண்ணன்கள் இருவரின் டிராக்டர்கள். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்து வேலையைத் தொடங்கினோம். முதல் கருவேலம் வேரோடு சாய்ந்தபோது பிள்ளைகள் விசில் அடித்தார்கள். வண்டலை அள்ளி, வேண்டும் என்று கேட்டவர்களின் கொல்லைகளில் கொட்டினோம். பன்னிரண்டரை மணி இருக்கும், வருவாய்த் துறை ஜீப் வந்து நின்றது. யாரோ புகார் சொல்லியிருக்கிறார்கள், நீர்நிலையில் அனுமதியில்லாமல் மண் எடுக்கிறார்கள் என்று. "கிராம சபைத் தீர்மானம் இருக்கிறது சார்" என்றேன். "நகலைக் காட்டுங்கள் அம்மா" என்றார் அதிகாரி. என்னிடம் இல்லை. செயலரைக் கைப்பேசியில் பிடித்தேன். "பார்த்துச் சொல்கிறேன் டீச்சர்" என்று வைத்தவர், அன்று முழுக்க எடுக்கவில்லை.

இரண்டு டிராக்டர்களையும் தாலுகா அலுவலக வளாகத்துக்கு ஓட்டிப் போகச் சொன்னார்கள். டிராக்டர்தான் அந்த அண்ணன்களுக்குச் சோறு. உதவ வந்தவர்களின் வண்டி பிடிபட்டு நிற்கும்போது நீங்கள் என்ன நியாயம் பேசினாலும் எடுபடாது. அபராதத்தை நானே கட்டி வண்டிகளை மீட்டது அதனால்தான். வேலையை நிறுத்தியது எங்கள் பக்கத்துக் கோளாறு என்று ஜேசிபிக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை; அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, மூன்று நாளுக்கு வந்த வேறு வேலையை எங்களுக்காக விட்டிருந்தார். டிராக்டர் வாடகை 5,000. பணத்தைவிடப் பெரிய வலி அடுத்த வாரம் வந்தது. டீக்கடையில், ரேஷன் கடை வரிசையில், "டீச்சர் வசூல் பண்ணிய பணம் என்ன ஆயிற்று?" என்ற கேள்வி. நேராக என் முகத்துக்கு எதிரே யாரும் கேட்கவில்லை. பேசிக்கொண்டிருந்தவர்கள் நான் வந்ததும் பேச்சை மாற்றுவார்கள், அவ்வளவுதான். மீதி 36,000 ரூபாயின் கணக்கை எழுதி நூலகச் சுவரில் ஒட்டினேன். ஒட்டிய பிறகு முணுமுணுப்பு குறைந்தது, நின்றுவிடவில்லை. ஊர்ப் பணத்தைத் தொடுகிறவர்கள் முதல் நாளே இருவர் மூவர் பெயரில் கூட்டுக் கணக்குத் தொடங்கி அதில் போடுங்கள், வாராவாரம் கணக்கைப் பொது இடத்தில் ஒட்டுங்கள். எழுத்தில் உத்தரவு கைக்கு வரும்வரை யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

தீர்மானத்தில் என்னதான் எழுதியிருக்கிறது என்று பார்க்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். இதற்கு வக்கீல் வேண்டாம், நீளமான கடிதமும் வேண்டாம். வெள்ளைத் தாளில் '15.08.2023 அன்று நடந்த கிராம சபையின் தீர்மானப் பதிவேட்டுப் பக்கங்கள், வருகைப் பதிவேட்டுப் பக்கங்கள் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்' என்று கேட்டு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 'ஏன் எழுதவில்லை?' 'யார் பொறுப்பு?' என்று கேள்வி கேட்டால் நழுவிவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகலைக் கேளுங்கள். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டோமோ என்ற பயம் வேண்டாம், உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாளுக்குள் மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை, பிரிவு 6(3). முப்பது நாளில் பதில் வர வேண்டும். எனக்கு வரவில்லை. முதல் மேல்முறையீடு செய்தேன். அதற்குக் கட்டணம் கிடையாது. டிசம்பரில் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது, கட்டியதும் நகல் வந்தது.

உறையைப் பள்ளியின் ஆசிரியர் அறையிலேயே பிரித்தேன். டெங்கு, நெகிழி, தூய்மை என்று வரிசையாகத் தீர்மானங்கள், எல்லாம் ஒரே கையெழுத்தில், ஒரே மையில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல். கூட்டத்தில் உட்கார்ந்து எழுதியது அப்படி இருக்காது. கடைசியில் 'இதரப் பொருள்கள்' என்று ஒரு தலைப்பு. அதன் கீழே 'பொதுமக்கள் குடிநீர் மற்றும் தெருவிளக்கு தொடர்பாகக் கோரிக்கை வைத்தனர், பரிசீலிக்கப்படும்' என்று ஒரு வரி. ஊருணி என்ற சொல்லே எங்கும் இல்லை. வருகைப் பக்கத்தில் என் கையெழுத்து அழகாக இருந்தது. கூட்டம் தொடங்கும் முன்பே போட்ட கையெழுத்து, நான் கேட்காத அத்தனை தீர்மானங்களுக்கும் சாட்சியாக நின்றது. அப்போது வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. இதில் சதி எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. கூட்டம் முடிந்த பிறகு, முந்தைய சபையின் பக்கங்களைப் பார்த்துச் சாவகாசமாக எழுதி முடிப்பது பல ஊர்களில் வழக்கமாகவே ஆகிவிட்டது. செயலரைக் கேட்டபோது அவர் கூச்சப்படவே இல்லை. "மேலிருந்து வந்ததை எழுதினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் டீச்சர், நீங்கள் சொன்னதை எழுதினால் ஒன்றியத்தில் என்னைத்தான் நிற்க வைத்துக் கேட்பார்கள்" என்றார். சதியாக இருந்தால்கூடச் சண்டை போடலாம். வழக்கத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

2024 ஜனவரி 26 சபைக்கு நாங்கள் போன விதமே வேறு. ஒப்புகையோடு மனு முன்பே போய்விட்டது. தீர்மானத்தின் வாசகத்தை நாங்களே எழுதிக்கொண்டு போனோம். புல எண், பரப்பு, என்ன வேலை, எந்தத் துறைக்கு நகல் அனுப்ப வேண்டும் என்று எல்லாம் ஐந்தாறு வரிகளில். விருப்பத்தை எழுதாதீர்கள், செய்ய வேண்டியதை எழுதுங்கள். 'ஊருணியைச் சீரமைக்க ஆவன செய்ய வேண்டும்' என்றால் அதற்கு ஒருநாளும் யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்காது. குறைவெண் வரம்பையும், அதாவது சபை செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பதையும், அன்று எண்ணிப் பார்த்தோம். மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 என்பது விதி. எங்கள் ஊருக்கு 100. ஆள் குறைந்தால் சபையே செல்லாது என்று பின்னால் யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக மகளிர் குழு அக்காக்கள் தெருத் தெருவாகப் போய்க் கூட்டி வந்தார்கள். நுழையும்போது நீட்டிய தாளில் கையெழுத்துப் போட மறுத்தோம். "பேசி முடித்து, எழுதி முடித்து, வாசித்துக் காட்டுங்கள், அதற்கு அடியில் போடுகிறோம்" என்று குழுத் தலைவி அக்கா சொன்னார். பெரிய குரல் எடுக்கவில்லை, ஆனால் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். தலைவர் முகம் சுருங்கியது. அரை மணி நேரம் இழுபறி. கடைசியில் செயலர் மேசையில் உட்கார்ந்து, பழுப்பு அட்டைப் பதிவேட்டில் எங்கள் வாசகத்தை எங்கள் கண் முன்னால் எழுதினார். எழுதியதை வாசித்தார். அதன் கீழ் கையெழுத்துப் போட்டோம், மூன்று கைப்பேசிகளில் படம் எடுத்தோம். தீர்மான எண்ணை என் டைரியில் எழுதிக்கொண்டேன். வரவு செலவுக் கணக்கையும் வாசிக்கச் சொன்னோம், அதையும் சபையின் முன் வைத்தாக வேண்டும். அன்றுதான் முதல்முறையாகத் தெருவிளக்குப் பராமரிப்புக்கு எவ்வளவு செலவு காட்டுகிறார்கள் என்று ஊர் கேட்டது. அதற்கு எழுந்த சிரிப்பைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

தீர்மானம் கையில் வந்ததும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. நீர்நிலை யாருடையது என்று முதலில் பார்க்க வேண்டும். ஊருணி, குட்டை போன்றவை பெரும்பாலும் ஊராட்சியின் பொறுப்பு. கண்மாய் என்றால் ஆயக்கட்டு, அதாவது அது பாசனம் தரும் நிலம், நூறு ஏக்கருக்குக் குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் நீர்வளத் துறை. கிராமத்தின் நிலப் பதிவான அ-பதிவேட்டில் புல எண்ணைப் போட்டு வகைப்பாட்டைப் பாருங்கள், இணையத்திலேயே கிடைக்கிறது. ஊராட்சியின் பொறுப்பில் இருந்தாலும் அதிலிருக்கும் மண் கனிம விதிகளுக்குள் வரும். மரத்தை அகற்றுவதற்கும் கரையைச் சீர் செய்வதற்கும் ஒரு அனுமதி, வண்டலை வெளியே கொண்டு போவதற்கு இன்னொரு அனுமதி. எங்களை மாட்டிவிட்டது இந்த இரண்டாவது. மார்ச் 16 அன்று நாடாளுமன்றத் தேர்தல் நடத்தை விதி வந்து, ஊருணி காய்ந்து கிடந்த அருமையான கோடை முழுவதும் கோப்பு அசையவில்லை. ஆனால் அந்த ஆண்டு ஒரு நல்லது நடந்தது. விவசாயிகளும் மண்பாண்டம் செய்பவர்களும் இலவசமாக வண்டல் எடுக்க வட்டாட்சியரே அனுமதி கொடுக்கலாம் என்று அரசு விதியை மாற்றியது. அதற்கு முன் மாவட்ட ஆட்சியர்வரை போக வேண்டும். நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் என்று அளவு. ஆகவே வண்டல் வேண்டியவர்கள் தனித்தனியாகத் தங்கள் நில ஆவணத்தோடு விண்ணப்பித்தார்கள், மரம் அகற்றவும் கரை போடவும் ஒன்றிய அலுவலகத்திலிருந்து எழுத்தில் வாங்கினோம். கோப்பு நடுவில் ஒரு மேசையில் தூங்கியபோது திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தேன். அங்கே கொடுக்கும் மனு எண்ணைத் தொலைக்காதீர்கள், பிறகு எந்த அலுவலகத்திலும் அதைச் சொல்லித்தான் பேச முடியும். செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், மீதியிருந்த பணத்தில் வேலை நடந்தது. இந்த முறை டிராக்டர் ஓட்டியவர்களின் சட்டைப் பையில் அனுமதி நகல் இருந்தது. அந்த அண்ணன்கள் இருவரும் திரும்ப வந்தார்கள் என்பதை நான் மறக்கவே மாட்டேன். வாடகை வாங்கவில்லை, டீசலுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

தீர்மானம் போட்டால் எல்லாம் நடந்துவிடும் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் சபைக்குச் சபை தீர்மானம் போட்டார்கள், நிலமெடுப்பு நிற்கவில்லை. ஒடிசாவின் நியம்கிரி மலையில் 2013இல் பன்னிரண்டு கிராம சபைகள் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றபோது சுரங்கம் நின்றது. அங்கே 2006 வன உரிமைச் சட்டமும், சபைகளே முடிவு சொல்லட்டும் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் பின்னால் இருந்தன. சபைக்குக் கையில் இருக்கும் அதிகாரம் எது, கோரிக்கை எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஊருணி, தெருவிளக்கு, ஊராட்சியின் வரவு செலவு போன்றவை சபையின் கைக்குள் இருப்பவை. அங்கே எழுதி வாங்கிய வரிக்குப் பலம் உண்டு. மற்றவற்றில் தீர்மானம் ஒரு சாட்சியம், வழக்குக்கும் போராட்டத்துக்கும் உதவும். அதற்கு மேல் எதிர்பார்த்தால் மனம் உடைந்துவிடும்.

2025 ஜனவரி 5 அன்று எங்கள் மாவட்டம் உட்படப் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். எங்களுக்குத் தெரிந்த தலைவர் இல்லை, செயலரையும் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். புது அதிகாரியிடம் போய், ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் அடைந்து கிடக்கிறது, அதையும் திறக்க வேண்டும் என்றோம். "யார் சொன்னது, எப்போது முடிவெடுத்தது?" என்றார். தீர்மான எண்ணையும் தேதியையும் சொன்னேன். பதிவேட்டை எடுத்துவரச் சொல்லிப் புரட்டினார். வரத்துக்கால் உட்பட எல்லாம் அதில் இருந்தது. "அளந்து எல்லைக்கல் போட வேண்டுமே" என்று சொல்லி நில அளவைக்குக் கடிதம் எழுதக் கையெழுத்துப் போட்டார்.

வரத்துக்காலின் நடுப்பகுதியில் ஒருவர் தென்னை வைத்திருக்கிறார். ஊரில் செல்வாக்கான குடும்பம். நில அளவையர் முதல் தடவை வந்தபோது அவர்கள் வீட்டு மோரைக் குடித்துவிட்டு, சங்கிலி சரியில்லை என்று திரும்பிப் போனார். அளவை மனுவின் ரசீது என்னிடம் இருக்கிறது, நினைவூட்டுக் கடிதமும் போய்விட்டது. அடுத்த சபைக்கு, வரத்துக்காலை அளந்து ஆக்கிரமிப்பை அகற்றக் கோரும் வாசகத்தை எழுதி முடித்து, நாற்பத்து மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். அதில் மூன்றாவது கையெழுத்து அந்தத் தென்னைக்காரர் வீட்டு மருமகளுடையது.